கணக்கு உங்களுடையது: தென்னாப்பிரிக்க ரக்பி யூனியனுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க ரக்பி யூனியனின் தலைவர், தலைமை நிர்வாகி, நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டர்பனில் 13 வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊர். கணினி வேலைக்காக வந்தவன். வந்த புதிதில் ரக்பி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து முட்டை வடிவத்தில் இருக்கும் என்பது மட்டும்தான். இன்று சனிக்கிழமை என்றால் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறேன். இதே மடலை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்ல வந்தது எனக்கு முதலில் தமிழில்தான் வலித்தது. "கோட்டா" என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது உங்கள் நாட்டில் இல்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வசதியான பள்ளி ஒன்றின் மைதானம். 14 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். எதிரணி ஒரு டவுன்ஷிப் பள்ளி, அதாவது நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவரை ஒதுக்கி வைத்த குடியிருப்பில் இருக்கும் பள்ளி. மினிபஸ் டாக்சி ஒன்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். உள்ளூர் பள்ளியின் விங் ஆட்டக்காரன், உதவித்தொகையில் சேர்ந்த கறுப்பினப் பையன், ஓரக்கோட்டை ஒட்டியே நாற்பது மீட்டர் ஓடிப்போய், கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து டிரை அடித்தான். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அப்பாக்கள். ஒருவர் "யார் இந்தப் பையன், அருமையாக ஓடுகிறானே" என்றார். இன்னொருவர் சொன்னார்: "அவனா, கோட்டா." குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பையன் அப்போது எங்களுக்கு மூன்றடி தூரத்தில் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தான். நின்றான். குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். கட்டி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

அதே மைதானத்தில் அந்தப் பக்கம் டவுன்ஷிப் பள்ளியின் பிள்ளைகள். இரண்டாவது பாதியில் ஒருவனை வெளியே எடுத்து இன்னொருவனை இறக்கினார் அவர்களின் ஆசிரியர். வெளியே வந்தவன் புல்லில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பூட்ஸைக் கழற்றினான். உள்ளே போகவேண்டியவன் அதைத்தான் மாட்டிக்கொண்டு போனான். அளவு பெரிது போல. இன்னொரு ஜோடி சாக்ஸை உருட்டி முன்பக்கம் திணித்துக்கொண்டான். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஆசிரியரிடம் அப்புறம் கேட்டேன். பள்ளியில் போடும் சாப்பாடு பள்ளி நாட்களுக்கு மட்டும்தான், இன்று சனிக்கிழமை ஆயிற்றே என்றார்.

இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்துதான் என்னை இந்த மடலை எழுத வைத்தன.

"நீ எந்தக் கோட்டா?" என்று என்னிடம் கேட்டது பொறியியல் கல்லூரி விடுதியில், சேர்ந்த முதல் வாரத்தில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நான்கு வருஷம் ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது போலவே எழுதினேன். மதிப்பெண் வாங்கினால் "பரவாயில்லையே", குறைந்தால் "அதானே". இதை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். லேஸைக் கட்டிய அந்தப் பையனுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் ஆட்டத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். போர்ட் எலிசபெத்தில், இன்று க்கெபெர்ஹா என்று அழைக்கும் ஊரில், 1887இல் யூனியன் என்ற பெயரில் கறுப்பினத்தவர் ஒரு ரக்பி கிளப் தொடங்கியிருக்கிறார்கள். நான்கு வருஷம் கழித்து, 1891இல், அதே ஊரில்தான் தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்டை, அதாவது தேசிய அணிகள் மோதும் ஆட்டத்தை, ஆடியது. அந்த அணியில் எல்லோரும் வெள்ளையர். கிழக்குக் கேப் பகுதியின் மிஷன் பள்ளிகளிலும், கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் தெருக்களிலும் அன்றைக்கே ரக்பி ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிற்காலத்தில் ராபன் தீவுச் சிறைக்குள்ளும் ஆடினார்கள். "ரக்பி அவர்களுடைய ஆட்டம் இல்லை, ஃபுட்பால்தான் அவர்களுடையது" என்று இன்றும் மைதான ஓரங்களில் கேட்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களுக்கு இந்த 1887ஐ யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு.

வெள்ளையர் அல்லாத முதல் ஆள் டெஸ்ட் ஆடியது 1981 மே மாதம், அயர்லாந்துக்கு எதிராக. கேலடன் ஊர்க்காரர் எரால் டோபயாஸ், கலப்பினத்தவர் (கலர்ட்) என்று அரசு பிரித்து வைத்த சமூகத்தைச் சேர்ந்தவர். 1891இலிருந்து 1981வரை 90 வருஷம். இடஒதுக்கீடு என்றால் அதுதான் இடஒதுக்கீடு. நூற்றுக்கு நூறும் ஒரே நிறத்துக்கு. அப்போது "திறமைக்கு மட்டும்தான் இடம் கொடுக்கவேண்டும்" என்று எந்தத் தேர்வுக் குழுவும் சொன்னதாகத் தெரியவில்லை. டோபயாஸ் ஆறு டெஸ்ட் ஆடினார். ஆறிலும் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 1984இல் இங்கிலாந்துக்கு எதிராக ஃப்ளை ஹாஃப் இடத்தில், அதாவது 10ஆம் எண் சட்டை போட்டு ஆட்டத்தையே நடத்தும் இடத்தில், ஆடினார். அப்படியிருந்தும் ஒரு பக்கம் அவரைக் கண்துடைப்புக்கு எடுத்த ஆள் என்றார்கள். இன்னொரு பக்கம், நிறவெறி ஆட்சியின் அணியில் ஆடிய துரோகி என்றார்கள். இரண்டு பக்கத்துச் சுமையும் ஒரே தோளில். எடுத்தவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். பூட்டன் காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் அவருக்குப் பாதி மறந்துவிட்டது. கந்தர் சஷ்டிக்குப் பாடும் பாட்டு மட்டும் அட்சரம் பிசகாது. எனக்கு ரக்பி கற்றுக்கொடுத்தது அவர்தான். 1976இல் நியூசிலாந்து அணி இங்கே டர்பன் கிங்ஸ் பார்க்கில் டெஸ்ட் ஆடியபோது அவர் பார்க்கப் போயிருக்கிறார். ஜூன் 16 அன்று சோவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்று ஆறு வாரம்கூட ஆகவில்லை. நியூசிலாந்து இந்தச் சுற்றுப்பயணத்துக்கு வந்ததைக் கண்டித்துத்தான் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தன. மைதானத்தில் இந்தியர்களையும் கறுப்பினத்தவரையும் தனியாக ஒரு மூலையில் நிற்க வைத்திருந்தார்கள் என்றார் மாமா. அந்த மூலை முழுக்க நியூசிலாந்துக்குத்தான் கைதட்டியது. "சொந்த நாடு தோக்கணும்னு சாமி கும்பிட்டிருக்கேன்" என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. கேப்டவுனில் இன்றும் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்குக் கொடி பிடிக்கும் உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல் கோபப்படும்போது இந்த மூலையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1995 உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்துக்கு மண்டேலா தேசிய அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்குக்கு வந்த கதை உலகத்துக்கே தெரியும். அதை நான் திரும்பச் சொல்லவேண்டாம். எனக்கு அதைவிட அதற்கு ஒரு வாரம் முந்தைய அரையிறுதிதான் மனதில் நிற்கிறது. அது எங்கள் டர்பனில் நடந்தது. கிங்ஸ் பார்க்கில் கொட்டித் தீர்த்த மழை. மைதானம் குளமாகிவிட்டது. ஆட்டம் நடக்காவிட்டால் பிரான்ஸ் இறுதிக்குப் போய்விடும் என்ற நிலை. அப்போது கறுப்பினப் பெண்கள் வரிசையாகத் துடைப்பத்தோடு உள்ளே வந்து தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றினார்கள். அதன் பிறகுதான் ஆட்டம் நடந்தது, 19-15 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. பழைய வீடியோவில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். துடைப்பம் பிடித்த கறுப்புக் கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதே அணியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நான்கு டிரை அடித்தவர். நாடு முழுக்க விளம்பரப் பலகைகளில் அவர் முகம்தான். உடன் ஆடியவர்கள் சிலரே தன்னை நிறத்தைச் சொல்லி ஏசியதாகப் பிறகு அவரே சொன்னார். 2019இல், 49 வயதில், இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து ஒரு கறுப்பினக் கேப்டன் கோப்பையைத் தூக்கினார். அதைப் பார்க்க அவர் இல்லை.

இதற்கு நடுவே எத்தனை பேர் வந்து போனார்கள்! கயா மலோடானா 1999 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஆடினார். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் ஸ்பிரிங்பாக், அதாவது தென்னாப்பிரிக்கத் தேசிய அணிக்காக டெஸ்ட் ஆடியது அதுதான் முதல் முறை. அவருக்குக் கிடைத்த டெஸ்டும் அது ஒன்றுதான். எண்ணிக்கைக்கு ஒருவரை எடுப்பதும், எடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு மறந்துவிடுவதும் யாருக்கும் நல்லதில்லை.

பிறகு திட்டங்கள் வந்தன. 2019க்குள் தேசிய அணியில் பாதிப் பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்கவேண்டும் என்று நீங்களே இலக்கு வைத்துக்கொண்டீர்கள். 2016 ஏப்ரலில் அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் ஃபிகிலே ம்பலுலா, அணிகளில் இன மாற்றம் போதாது என்று சொல்லி ரக்பி, கிரிக்கெட், தடகளம், நெட்பால் நான்கும் பெரிய சர்வதேசப் போட்டிகளை இங்கே நடத்தக் கேட்கக்கூடாது என்று தடை போட்டார். அடுத்த வருஷமே தடை நீங்கியது. நீங்கள் 2023 உலகக் கோப்பையைக் கேட்டீர்கள், கடைசி வாக்கெடுப்பில் பிரான்ஸ் தட்டிக்கொண்டு போனது. இந்தக் களேபரம் எல்லாம் நடந்தபோது அந்த டவுன்ஷிப் பள்ளிக்கு எத்தனை ஜோடி பூட்ஸ் வந்தது என்பதுதான் என் கேள்வி.

இலக்கு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் கறுப்பின ஆப்பிரிக்கர் 81 சதவீதத்துக்கும் மேல். வெள்ளையர் 7 சதவீதம் சொச்சம். எண்ணாமல் விட்டிருந்தால் கதவு தானாகத் திறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித் தானாக எந்தக் கதவும் திறந்ததில்லை. என் ஆதங்கம் வேறு. இலக்கு உங்களுடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டது. 90 வருஷம் மூடி வைத்த கதவுக்காக நீங்கள் பட்ட கடன் அது. ஆனால் அதைச் சுமப்பது ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்தில் இறங்கும் பையன்தான். நீங்கள் இலக்கை எட்டினால் அவன் கோட்டா. எட்டாவிட்டால் அவனிடம் திறமை இல்லை. இரண்டிலும் உங்கள் பெயர் எங்கேயும் வருவதில்லை.

2008 நினைவிருக்கிறதா? பீட்டர் டி வில்லியர்ஸ், வெள்ளையர் அல்லாத முதல் ஸ்பிரிங்பாக் பயிற்சியாளர். அவரை அறிவித்த அன்றே உங்கள் அன்றைய தலைவர் ஓரகன் ஹாஸ்கின்ஸ், ரக்பி காரணங்களை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்கவில்லை, மாற்றத்தையும் கணக்கில் எடுத்தோம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். ஒளிவுமறைவில்லாமல் பேசுவதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வரி நான்கு வருஷமும் அவரை விடவில்லை. 2009இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அனுப்பும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான தொடரை ஜெயித்தார். அதே வருஷம் நியூசிலாந்தை மூன்று முறை தோற்கடித்து, ஆஸ்திரேலியாவும் சேர்ந்து மூன்று நாடுகள் ஆடும் டிரை நேஷன்ஸை வென்றார். அணியை உண்மையில் நடத்துவது மூத்த ஆட்டக்காரர்கள்தான் என்றார்கள். தோற்றபோது மட்டும் அது அவருடைய தோல்வி. ஒரு மனிதரை வேலைக்கு எடுக்கும்போதே "இவரை எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு" என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், பிறகு அவர் என்ன செய்து காட்டி அதை அழிப்பார்?

பத்து வருஷம் கழித்து, 2018 மே மாதம், ஆஷ்வின் வில்லம்ஸே நேரலையில் தொலைக்காட்சி ஸ்டுடியோவை விட்டு எழுந்து போனார். அவரும் டோபயாஸின் கேலடன் ஊர்தான். 2003இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், 2007 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். ஆடிய காலம் முழுக்கத் தன்னைக் கோட்டா என்றுதான் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு மைக்கைக் கழற்றி வைத்தார். அந்த ஸ்டுடியோவில் இனவெறி எதுவும் நடக்கவில்லை என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். அன்று அங்கே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் உலகக் கோப்பை வென்ற, வயது 36 ஆன ஒருவரின் நெஞ்சில் அந்தச் சொல் அப்படியே கிடந்திருக்கிறது. 14 வயதில் அதைக் கேட்ட பையன் அதை எத்தனை வருஷம் சுமப்பான் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வில்லம்ஸே எழுந்து போன மூன்றே வாரத்தில் சியா கொலிசி எல்லிஸ் பார்க்கில் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டனாக அணியை அழைத்து வந்தார். 3-24 என்று பின்தங்கி, பிறகு 42-39 என்று ஜெயித்த ஆட்டம். கொலிசி க்கெபெர்ஹாவின் ஸ்விடே டவுன்ஷிப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். பிறந்த தேதியும் சோவேட்டோவின் அதே ஜூன் 16தான். ரக்பி அரைக்கால் சட்டை இல்லாததால் உள்ளாடையோடு தேர்வுப் போட்டியில் ஓடிய பையன் அவர். யாரோ பார்த்து, பெரிய பள்ளி ஒன்றில் உதவித்தொகை கிடைத்தது. 2007 உலகக் கோப்பை இறுதியைப் பார்க்க வீட்டில் டிவி இல்லை, டவுன்ஷிப் மதுக்கடையில்தான் பார்த்தார்.

2019 யோகோஹாமா இறுதியில் இங்கிலாந்தை 32-12 என்று வென்ற அணியில், தொடக்கத்தில் இறங்கிய 15 பேரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். உலகக் கோப்பை இறுதி ஒன்றில் தென்னாப்பிரிக்கா அடித்த முதல் டிரை மகசோலே மபிம்பியுடையது. இரண்டாவது செஸ்லின் கோல்பேயுடையது. மபிம்பி பெரிய ரக்பிப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. கிழக்குக் கேப்பின் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். அந்த உலகக் கோப்பையின்போது ஒவ்வொருவர் சட்டையின் எண்ணிலும் அவரவருக்கு வேண்டியவர்களின் சின்னச் சின்னப் படங்களை அச்சிட ஏற்பாடு செய்தார்கள். மபிம்பி கொடுத்தது எல்லாமே தன் படம். ஏன் என்று பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் கேட்டபோது, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், போட வேறு யாரும் இல்லை என்றார். பக்கத்து வீட்டு மாமா அன்று என்னோடுதான் ஆட்டம் பார்த்தார். மபிம்பி பந்தைத் தரையில் வைத்தபோது எழுந்து நின்றவர், ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை. மறுநாள் மகளிடம் சொல்லிப் பச்சைச் சட்டை ஒன்று வாங்கினார். வாழ்க்கையில் முதல் முறை.

2023இல் மறுபடியும் கோப்பை. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். உடனே ஒரு பேச்சு கிளம்பியது: இரண்டு கோப்பை ஜெயித்தாயிற்று, கேப்டனே கறுப்பினத்தவர், இனி எண்ணிக்கை எதற்கு, திறமையை மட்டும் பாருங்கள். நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்களும் இதில் இருக்கிறார்கள். கொலிசியே 2019 தொடக்கத்தில் ஒரு பேட்டியில், மண்டேலா கோட்டாவை ஆதரித்திருக்க மாட்டார், தோல் நிறத்துக்காகத் தன்னை எடுப்பதைத் தான் விரும்பவில்லை என்றார். அதற்காக நிறையத் திட்டும் வாங்கினார். ஆனால் அந்தப் பேட்டியில் அவர் சொன்ன மீதியை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. மேலே எண்ணாதே, டவுன்ஷிப் பள்ளிகளிலிருந்து ஆரம்பி என்றார். அந்தப் பள்ளிக்கு நான் போயிருக்காவிட்டால் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டேன், ஒழுங்காக வளர்ந்திருக்கவே மாட்டேன் என்றார். நாட்டின் கேப்டன் தன் திறமையைப் பற்றிப் பேசும்போது முதலில் சாப்பாட்டைச் சொல்கிறார்.

திறமை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. புளும்ஃபாண்டைனின் கிரே கல்லூரி, ஸ்டெல்லன்போஷின் பால் ரூஸ், பார்லின் இரண்டு பெரிய பள்ளிகள் என ஒரு கைக்குள் அடங்கும் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக ஸ்பிரிங்பாக்குகளை அனுப்புகின்றன. அங்கே சத்துணவு நிபுணர், உடற்பயிற்சிக் கூடம், முழுநேரப் பயிற்சியாளர் எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாக்ஸைத் திணித்த பூட்ஸோடு ஓடுகிறவனையும் அவர்களையும் 18 வயதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "யாருக்குத் திறமை?" என்று கேட்பது நியாயமான தேர்வு ஆகாது.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கல்லூரி வாசலில் இருக்கிறது. உள்ளே போன பிறகு தேர்வுத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். என் செமஸ்டர் மதிப்பெண்ணில் யாரும் கோட்டா சேர்க்கவில்லை. அதனால்தான் அந்த விடுதிக் கேள்வியை என்னால் தாண்டி வர முடிந்தது. நீங்கள் வாசலில் வைக்கவேண்டியதைத் தேர்வுக் கூடத்தில் வைத்துவிட்டீர்கள். டெஸ்ட் நாளின் 23 பேர் பட்டியலில் எண்ணுகிறீர்கள். அது நாடே பார்க்கும் இடம், ஒரு தப்புக்கு ஆட்டமே போய்விடும் இடம். ஒரு பெனால்டியைத் தவறவிட்டால் வெள்ளைக்கார ஆட்டக்காரருக்கு அது தவறவிட்ட பெனால்டி. மற்றவருக்கு அது தன் இனத்தின் மேல் வந்த தீர்ப்பு. 10ஆம் எண் ஆட்டக்காரர் மேனி லிபோக்கின் உதைகளைப் பற்றி இணையத்தில் என்னென்ன எழுதினார்கள் என்று உங்கள் ஊடகப் பிரிவினருக்கு நன்றாகத் தெரியும்.

23 பேர் பட்டியலின் இலக்கை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதை எடுத்தால் அடுத்த தோல்வியிலேயே பழைய பழக்கம் திரும்பிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. ஆனால் அந்த எண் கடைசியில் தானாக வந்து விழவேண்டிய விடை. அதற்கு முந்தைய வரிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டணமில்லாப் பள்ளிகளில் எத்தனை பள்ளி வாரந்தோறும் ஆடுகிறது, அவற்றில் எத்தனைக்குப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர் உண்டு, 16 வயது அணிகளில் அந்தப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேர், பெரிய பள்ளிகளில் உதவித்தொகையில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசி வகுப்பு வரை தாக்குப்பிடித்தார்கள், மாகாண அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் எத்தனை பேர் கறுப்பினத்தவர்: இவற்றை வருஷாவருஷம் ஊர் பார்க்க வெளியிடுங்கள். அங்கே எண் குறைந்தால் கேள்வி உங்களிடம் வரும். பையனிடம் போகாது.

இடங்களையும் எண்ணுங்கள். வேகமாக ஓடும் கறுப்பினப் பையன் என்றால் உடனே விங்கில் நிறுத்துகிறார்கள். மைதானத்தின் ஓரம், முடிவு எடுக்கும் வேலை குறைவு. டோபயாஸ் 1984இலேயே 10ஆம் எண்ணில் ஆடிக்காட்டியும், அந்தச் சட்டையில் எல்டன் யான்ட்கீஸ், லிபோக் போன்றவர்களைப் பார்க்க எத்தனை காலம் காத்திருந்தோம். 2024இல் போர்ச்சுகலுக்கு எதிராக சல்மான் முராட், இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் நடுவில் நிற்கும் லாக் ஆட்டக்காரர், முஸ்லிம்களில் முதல் ஆளாக அணிக்குத் தலைமை தாங்கியபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பயிற்சி முகாம்களில் 13 வயதுப் பிள்ளைகளை எந்தெந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள், அங்கேயே விஷயம் புரிந்துவிடும்.

சாப்பாடு. அரசின் பள்ளிச் சத்துணவுத் திட்டத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். சனிக்கிழமை அது இல்லை. ரக்பி நடப்பதோ சனிக்கிழமை. ஒரு மாகாணத்தில், ஒரு பருவத்துக்கு, கட்டணமில்லாப் பள்ளி அணிகளுக்குச் சனிக்கிழமை காலைக் கஞ்சியும் முட்டையும் போட்டுப் பாருங்கள். சர்வதேச ஆட்டம் ஒன்றின் விருந்தினர் கூடாரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது உங்களுக்குப் பெரிய பணமாக இருக்காது.

கடைசியாக, உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய ஒன்று. எந்த ஆட்டக்காரரையும், எந்தப் பயிற்சியாளரையும் அறிவிக்கும்போது, மாற்றத்துக்காக எடுத்தோம் என்ற வரி இனி வேண்டாம். பத்திரிகையாளர் கேட்டால், "இலக்கு எங்கள் நிர்வாகத்துக்கு, இவருக்கு அல்ல. இவரைப் பற்றிக் கேட்கவேண்டுமென்றால் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பள்ளி மைதானங்களுக்கான உங்கள் நடத்தை விதிகளில் அந்தச் சொல்லையும் சேருங்கள். பெற்றோர் ஒருவர் நடுவரைத் திட்டினால் வெளியே அனுப்புகிறீர்கள் அல்லவா? பிள்ளையைக் கோட்டா என்று சொன்னாலும் அனுப்புங்கள். அன்று நான் அந்த அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

டவுன்ஷிப் பள்ளியின் ஆசிரியரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமாவும் நானும் தெருவில் கேட்டுப் பதினோரு ஜோடி பூட்ஸ் சேர்த்திருக்கிறோம். 6, 7ஆம் அளவு கிடைத்துவிட்டது, 9 மட்டும் கிடைக்கவில்லை. பருவத்தின் முதல் ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு, அவர்கள் மைதானத்திலேயே. பள்ளியின் பெயரும் வழியும் ஆங்கில மடலோடு இணைத்திருக்கிறேன். உங்களில் ஒருவராவது வாருங்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறது. மாமா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு ரக்பி ரசிகன்